தொழிற்சாலை கிளம்பிவிடும் என்ற பேச்சு: உலகமயமும் உழைப்பின் பங்கும்

1939-ல் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் ஒரு விஷயத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொழில் வளர்ந்தது, படுத்தது, போர் வந்தது, பெருமந்தம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் நாட்டு வருமானத்தில் உழைப்புக்குப் போகும் பங்கு மட்டும் பெரிதாக நகரவே இல்லை. இது கொஞ்சம் அற்புதம் மாதிரிதான் இருக்கிறது என்று எழுதினார். அடுத்து வந்த நிக்கோலஸ் கால்டார் போன்றவர்கள் அந்த அற்புதத்தையே பொருளியலின் அடிப்படை உண்மைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகம் உழைப்புக்கு, மீதி மூலதனத்துக்கு. பல தலைமுறை மாணவர்கள் இந்தக் கணக்கை வைத்தே தேர்வு எழுதிப் பட்டம் வாங்கினார்கள்.

1980களிலிருந்து அது ஆட்டம் காண ஆரம்பித்தது. லூக்காஸ் கராபர்பூனிஸ், பிரெண்ட் நைமன் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. போதுமான ஆண்டுகளுக்குத் தரவு கிடைத்த 59 நாடுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 42-ல் நிறுவனத் துறையில் உழைப்பின் பங்கு இறங்குமுகமாக இருந்தது. 1975-க்கும் 2012-க்கும் இடையில் உலக அளவில் சுமார் 5 சதவீதப் புள்ளிகள் சரிவு. அப்புறமும் அது நிற்கவில்லை. 2004-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் 1.6 புள்ளி குறைந்திருப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் சொன்னது. ஒன்றரைப் புள்ளி என்றால் கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் பங்கு 2004-ல் இருந்த அளவிலேயே நின்றிருந்தால், 2024 என்ற ஒரே ஆண்டில் மட்டும் உலகத் தொழிலாளர்களின் கைக்கு 2.4 டிரில்லியன் டாலர் கூடுதலாக வந்திருக்கும் என்பது அதே அமைப்பின் மதிப்பீடு.

இந்தச் சரிவு நடந்த காலத்தைப் பாருங்கள். சீனா 1978-ல் கதவைத் திறக்கத் தொடங்கியது. பிரிட்டன் 1979-ல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, இந்தியா தாராளமயத்துக்குத் திரும்பியது. 1994 ஜனவரியில் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. சீனா, இந்தியா, பழைய சோவியத் நாடுகள் மூன்றும் உள்ளே வந்ததில் உலகச் சந்தைக்கு வேலை செய்யும் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 146 கோடியிலிருந்து 293 கோடியாக இரட்டித்தது என்று ரிச்சர்ட் ஃப்ரீமன் கணக்குப் போட்டார். கூடவே அதே அளவு மூலதனம் வந்து சேரவில்லை. ஆள் இரண்டு மடங்கு, ஆளுக்கு இருக்கும் மூலதனம் முன்பைவிடக் குறைவு என்றால் யாருடைய கை ஓங்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, உலகமயம்தான் காரணம், கதை முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அதே நாற்பது ஆண்டுகளில்தான் கணினி வந்தது, தொழிற்சங்கங்கள் மெலிந்தன, நிறுவன வரி குறைந்தது, சில நிறுவனங்கள் சந்தையையே விழுங்கும் அளவுக்குப் பெருத்தன. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அந்தப் பின்னலைப் பிரிப்பதற்கு முன்னால் அளவுகோலைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த அளவுகோலே அவ்வளவு நேரானது இல்லை.

எதை எதால் வகுக்கிறோம்?

உழைப்பின் பங்கு என்றால், ஒரு நாட்டில் சம்பளம், கூலி, ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் முதலாளி கட்டும் தொகை எல்லாவற்றையும் கூட்டி, மொத்த உற்பத்தி மதிப்பால் வகுப்பது. மீதி லாபம், வட்டி, வாடகை, தேய்மானம். கேட்க எளிதாக இருக்கிறது. சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவரின் வருமானத்தை எதில் சேர்ப்பது? அவர் உழைப்புக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கும் இடத்துக்கும் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. ஏழை நாடுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்கள்தான். இதைச் சரிசெய்யாமல் கணக்கிட்டால் ஏழை நாடுகளில் உழைப்பின் பங்கு மிகக் குறைவு என்று தோன்றும். 2002-ல் டக்ளஸ் காலின் இதைத் திருத்திக் காட்டினார். திருத்தியபின் பெரும்பாலான நாடுகளின் பங்கு 65-க்கும் 80-க்கும் இடையில் வந்து விழுந்தது.

பணக்கார நாடுகளிலும் சிக்கல் உண்டு. வீட்டு வாடகையும், சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே கொடுப்பதாக வைத்துக்கொள்ளும் வாடகையும் மூலதனத்தின் கணக்கில் சேர்கின்றன. நகரங்களில் வீட்டு விலை ஏறினாலே உழைப்பின் பங்கு இறங்கியதுபோல் காட்டும். தொழிற்சாலையில் ஒன்றும் நடந்திருக்காது. 2013-ல் அமெரிக்கா ஆராய்ச்சிச் செலவையும் முதலீடாகக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியபோது அங்கும் பங்கு கணக்களவில் மாறியது. ஹெர்மான் குட்டியெரெஸ், சோஃபி பிட்டோன் இருவரும் 2020-ல் வீட்டையும் சுயதொழிலையும் பிரித்துவிட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் சரிவு ஏறக்குறைய காணாமல் போனது. அமெரிக்காவில் மட்டும் சரிவு அப்படியே நின்றது.

எனவே உலகம் முழுக்க உழைப்பின் பங்கு ஒரே சீராகச் சரிந்தது என்று மேடையில் முழங்குபவரை அப்படியே நம்ப வேண்டாம். அதே நேரம் இதெல்லாம் வெறும் கணக்குப் பிழை என்று கைகழுவுபவரையும் நம்ப வேண்டாம். கணக்கு மறுபக்கமும் சாய்கிறது. கோடிக்கணக்கில் வாங்கும் தலைமைச் செயல் அதிகாரியின் சம்பளமும் உழைப்பின் பங்கில்தான் ஏறுகிறது. அதைக் கழித்துவிட்டு சாதாரணத் தொழிலாளியின் பங்கை மட்டும் பார்த்தால் சரிவு இன்னும் ஆழமாகத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பங்கு குறைவது வேறு, கூலி குறைவது வேறு. ஒரு நாட்டின் வருமானம் 100-லிருந்து 200 ஆகி, உழைப்பின் பங்கு 60 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கினால், தொழிலாளர்களுக்கு முன்பு 60 கிடைத்தது, இப்போது 100 கிடைக்கிறது. சீனாவில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1990களின் நடுவிலிருந்து 2007 வாக்கில் வரை அங்கே உழைப்பின் பங்கு இறங்கியது. அதே காலத்தில் கூலியும் பல மடங்கு ஏறியது. உற்பத்தித்திறன் வளர்ந்த வேகத்துக்குக் கூலியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதைத்தான் பங்குச் சரிவு சொல்கிறது. வாழ்க்கை மோசமானதா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

பாடப்புத்தகம் சொன்னது

வணிகம் திறந்தால் யாருக்கு லாபம் என்பதற்குப் பொருளியலில் பழைய பதில் ஒன்று உண்டு. 1941-ல் வுல்ஃப்காங் ஸ்டால்பரும் பால் சாமுவேல்சனும் வகுத்தது. மூலதனம் மிகுந்த நாடு, மூலதனம் அதிகம் தேவைப்படும் பொருளைச் செய்து ஏற்றுமதி செய்யும். அங்கே மூலதனத்தின் வரவு ஏறும், உழைப்பின் வரவு இறங்கும். ஆட்கள் மிகுந்த நாட்டில் நேர் எதிர். அதாவது அமெரிக்கத் தொழிலாளிக்கு நட்டம், மெக்சிகோ தொழிலாளிக்கு ஆதாயம்.

முதல் பாதி பலித்தது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 2000 வரை வேளாண்மை நீங்கலான தொழில்களில் உழைப்பின் பங்கு 60 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. அதற்கடுத்த பத்தாண்டில் அது மளமளவென்று சரிந்தது. மைக்கேல் எல்ஸ்பி, பார்ட் ஹோபெய்ன், அய்ஷெகுல் ஷாஹின் மூவரும் 2013-ல் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, எந்தத் தொழில்களில் இறக்குமதிப் போட்டி அதிகமோ அங்கேதான் பங்கு அதிகம் விழுந்திருந்தது. ஆள் அதிகம் தேவைப்படும் வேலைகள் வெளிநாட்டுக்குப் போயின. ஆள் குறைவாகத் தேவைப்படும் பகுதி மட்டும் உள்ளே தங்கியது.

இரண்டாம் பாதிதான் பலிக்கவில்லை. மெக்சிகோவிலும் பங்கு ஏறவில்லை, சீனாவிலும் ஏறவில்லை. இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைத் துறையை எடுத்துக்கொண்டால், நிகர மதிப்புக்கூட்டலில் (உற்பத்தி மதிப்பில் மூலப்பொருள் செலவும் தேய்மானமும் போக நிற்பது) தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்; 2000களின் பிற்பகுதியில் அது 10 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆட்கள் மிகுந்த நாடுகளில் உழைப்புக்கு நல்ல காலம் பிறக்கும் என்ற கணிப்பு எங்கேயோ தவறியிருக்கிறது.

ராபர்ட் ஃபீன்ஸ்ட்ராவும் கோர்டன் ஹான்சனும் 1990களின் நடுவில் கொடுத்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு நகரும் வேலை, அமெரிக்கக் கண்ணுக்கு ஆட்கள் அதிகம் தேவைப்படும் சாதாரண வேலை. மெக்சிகோ கண்ணுக்கோ அது அங்கே இருக்கும் மற்ற வேலைகளைவிட இயந்திரமும் திறனும் அதிகம் தேவைப்படும் வேலை. அது அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது அங்கே சராசரி மூலதனத் தேவை ஏறுகிறது. மெக்சிகோவில் போய் இறங்கும்போது அங்கேயும் ஏறுகிறது. ஒரே நகர்வு, இரண்டு பக்கமும் உழைப்பின் பங்கு இறக்கம். பன்னாட்டு நிதியம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் வந்தடைந்தது. வளர்ந்த நாடுகளின் சரிவில் ஏறத்தாழ பாதிக்குத் தொழில்நுட்பம் காரணம் என்றது. வளரும் நாடுகளில் முதன்மைக் காரணம் உலக உற்பத்திச் சங்கிலியில் சேர்ந்ததுதான் என்றது.

6 டாலர் 50 சென்ட்

அந்தச் சங்கிலி எப்படி இருக்கும் என்பதை ஒரு கைபேசியில் பார்க்கலாம். 2009-ல் விற்பனையில் இருந்த ஐஃபோன் 3ஜி-யை யூசிங் ஷிங், நீல் டெட்டர்ட் இருவரும் பிரித்துக் கணக்கிட்டார்கள். தயாரிப்புச் செலவு 178 டாலர் 96 சென்ட். திரையும் நினைவகமும் ஜப்பானிலிருந்து, செயலி கொரியாவிலிருந்து, இன்னும் சில பாகங்கள் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவது சீனாவில். அந்தப் பூட்டும் வேலைக்குப் போன தொகை 6 டாலர் 50 சென்ட். அதிலும் ஒப்பந்த நிறுவனத்தின் செலவும் லாபமும் போகத்தான் கூலி. சுங்க ஏட்டிலோ முழு 179 டாலரும் சீன ஏற்றுமதி என்றுதான் பதிவாகும்.

அடுத்த ஆண்டு வந்த ஐஃபோன் 4-ஐ வேறொரு குழு ஆராய்ந்தது. விற்பனை விலையில் 58.5 சதவீதம் ஆப்பிளின் லாபம். சீனத் தொழிலாளர் கூலி 1.8 சதவீதம்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எங்கிருந்து வருகிறது? வடிவமைப்பு, மென்பொருள், பெயர், காப்புரிமை இவையெல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. பூட்டும் வேலையைச் செய்யப் பத்து நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. போட்டி இருக்கும் கண்ணியில் லாபம் வற்றும். போட்டி இல்லாத கண்ணியில் தேங்கும். ஆட்கள் லட்சக்கணக்கில் இருப்பது போட்டி இருக்கும் கண்ணியில்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது டேவிட் ஆட்டர் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் சாதாரண நிறுவனம் ஒன்றில் உழைப்பின் பங்கு அவ்வளவாக விழவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். விற்பனைதான் இடம் மாறியிருக்கிறது. ஏற்கெனவே கூலிப் பங்கு குறைவாக உள்ள சில பெரிய நிறுவனங்களின் பக்கம் சந்தை சாய்ந்துவிட்டது. உள்ளூர்ச் சந்தை உலகச் சந்தையாக விரிந்தபோது முதலிடத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது பெருகியது. நான்காம் இடத்தில் இருப்பவர் காணாமல் போனார்.

போகாமலே வேலை செய்யும் மிரட்டல்

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையில் நகர்ந்த பொருள்களையும் வேலைகளையும் பற்றியது. என் கணிப்பில் உலகமயத்தின் பெரிய விளைவு நகராத வேலைகளில் இருக்கிறது. அதனால்தான் ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து அளப்பவர்கள் அதைச் சிறிதாகவே மதிப்பிடுகிறார்கள்.

2004-ல் ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். போகோல்ட், காம்ப்-லிண்ட்ஃபோர்ட் என்ற இரண்டு ஊர்களில் சீமென்ஸ் நிறுவனத்துக்குக் கைபேசி ஆலைகள் இருந்தன. சுமார் 2,000 வேலைகளை ஹங்கேரிக்கு மாற்றுவோம் என்று நிர்வாகம் சொன்னது. ஜெர்மனியின் பலமான சங்கமான ஐஜி மெட்டால் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது. ஜூன் மாதம் உடன்பாடு கையெழுத்தானபோது, வாரம் 35 மணி நேர வேலை 40 மணியாகியிருந்தது. கூடுதல் ஐந்து மணிக்குச் சம்பளம் கிடையாது. விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் கொடுத்துவந்த போனஸ் போய், செயல்பாட்டைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை வந்தது. அந்த வேலைகள் ஹங்கேரிக்குப் போகவில்லை. எந்தச் சுங்க ஏட்டிலும் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அந்த ஆலைகளில் ஒரு மணி நேர உழைப்பின் விலை ஒரே கையெழுத்தில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. போனஸ் இழப்பு அதற்கு மேல்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மறு ஆண்டே சீமென்ஸ் தன் கைபேசிப் பிரிவைத் தைவானின் பென்க்யூவுக்குக் கொடுத்துவிட்டது. 2006 செப்டம்பரில் பென்க்யூவின் கைக்குப் போயிருந்த அந்த ஜெர்மன் கைபேசி நிறுவனம் திவால் மனு போட்டது. விட்டுக்கொடுத்ததும் போயிற்று, வேலையும் போயிற்று.

இது ஏதோ ஓரிடத்தில் நடந்த விபத்து அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேட் பிரான்ஃபென்பிரென்னர் 1990களில் அமெரிக்காவில் சங்கம் அமைக்க நடந்த முயற்சிகளை ஆராய்ந்தார். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் நிர்வாகம் ஆலையை மூடுவோம் என்றோ இடம் மாற்றுவோம் என்றோ மிரட்டியிருந்தது. உண்மையில் மூடியவை அதில் மிகச் சிறு பகுதிதான். டானி ரோட்ரிக் 1997-லேயே இதைக் கோட்பாடாகச் சொல்லிவிட்டார். எல்லை தாண்ட முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இடையே பேரம் சமமாக நடக்காது. மூலதனம் ஒரு வாரத்தில் கிளம்பும். தொழிலாளிக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்கு மேல் விசா வேண்டும். பொருளும் பணமும் நடமாடத் திறந்த கதவுகளில் மிகச் சிலவே ஆட்களுக்கும் திறந்தன.

ஏழை நாட்டிலும் இதே விளையாட்டுதான், ஒரு படி கீழே. வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஆலை முதலாளி தன் தொழிலாளிக்கு முன்னால் பெரிய ஆள். மேலைநாட்டு பிராண்டுக்கு முன்னால் அவரும் நாளைக்கே மாற்றிவிடக்கூடிய ஒருவர். ஆர்டர் வியட்நாமுக்கோ கம்போடியாவுக்கோ போய்விடும் என்ற பயம் அவருக்கு. 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. கட்டடப் பாதுகாப்பில் உண்மையிலேயே முன்னேற்றம் வந்தது. கூலியில் வந்தது கொஞ்சம்தான். 2023-ல் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், கிடைத்தது 12,500.

தொழிலாளர்களின் பேரம் பேசும் வலிமை குறைந்ததற்கு சங்கங்கள் மெலிந்தது காரணமா, உலகமயம் காரணமா என்று கேட்பார்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி-யில் 1985-ல் நூற்றுக்கு 30 தொழிலாளர்கள் சங்கத்தில் இருந்தார்கள். 2010களின் பிற்பகுதியில் 16. இதில் அரசியலுக்கும் பங்கு உண்டு, சேவைத் துறை வளர்ந்ததற்கும் பங்கு உண்டு. ஆனால் வேலைநிறுத்தம் செய்தால் ஆலையே இருக்காது என்ற பேச்சு உலவும் இடத்தில் சங்கத்துக்குச் சந்தா கட்ட யாருக்கு மனம் வரும்? இரண்டையும் தனித்தனிக் காரணமாகப் பட்டியலில் எழுதும்போது ஏதோ தவறிப்போகிறது.

குற்றவாளி இயந்திரமா?

கராபர்பூனிஸும் நைமனும் சரிவில் பாதியை இயந்திரங்களின், குறிப்பாகக் கணினிகளின், விலை வீழ்ச்சியால் விளக்கினார்கள். இயந்திரம் மலிவானால் ஆளுக்குப் பதில் இயந்திரம் வைப்பார்கள் என்பது வாதம். தொழில்நுட்பத்தையும் உலகமயத்தையும் எதிரெதிரே நிறுத்திச் சதவீதம் பிரிக்கும் இந்தப் பழக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கணினி ஏன் அவ்வளவு மலிவானது? அதன் பாகங்கள் ஐந்தாறு நாடுகளில் செய்யப்பட்டு மலிவான கூலியில் பூட்டப்பட்டதும் ஒரு காரணம். சங்கிலியை ஏழெட்டு நாடுகளுக்கு நீட்ட முடிந்தது எப்படி? கணினியும் இணையமும் சரக்குப் பெட்டகக் கப்பலும் இருந்ததால். வெளிநாட்டுப் போட்டி வந்த ஆலை தப்பிப்பதற்கு முதலில் செய்வது தானியங்கி இயந்திரம் வாங்குவதுதான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

லாபம் குடியேறும் ஊர்

உலகமயம் அளவுகோலையே வளைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2015-ல் அயர்லாந்தின் மொத்த உற்பத்தி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. உலகமே சிரித்தது. அந்த ஆண்டு அயர்லாந்துக்காரர்கள் நான்கில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் பிற அறிவுச் சொத்துகளையும் அங்கே பதிவு மாற்றின. அவற்றின் வருமானமும் அங்கே வந்து விழுந்தது. வகுக்கும் எண் பெருத்ததால் அயர்லாந்தில் உழைப்பின் பங்கு சடாரென்று இறங்கியது. தொழிலாளர்களுக்கு ஒரு யூரோகூடக் குறையவில்லை. அந்த நாட்டுப் புள்ளியியல் துறை வேறு வழியில்லாமல் உண்மை நிலவரத்தைக் காட்ட 2017-ல் இன்னொரு தேசிய வருமானக் கணக்கையே உருவாக்கியது.

இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. லாபம் அயர்லாந்தின் ஏட்டில் ஏறினால் அமெரிக்காவின், ஜெர்மனியின், பிரான்ஸின் ஏட்டிலிருந்து இறங்க வேண்டும். அங்கே லாபம் குறைவாகக் காட்டப்படுவதால் உழைப்பின் பங்கு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். தாமஸ் டோர்ஸ்லோவ், லுட்விக் வீயர், கேப்ரியல் சுக்மன் மூவரும் 2015-க்குப் போட்ட கணக்கின்படி, பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டில் ஈட்டிய லாபத்தில் 36 சதவீதம் வரிப் புகலிடங்களுக்கு நகர்த்தப்பட்டது. அப்படியானால் பல பெரிய நாடுகளில் நாம் பார்க்கும் சரிவுகூட உண்மையைவிடச் சிறியதுதான்.

வரியும் இதே பேரத்தில் அகப்பட்டது. உலகில் சராசரி நிறுவன வரி விகிதம் 1985-ல் 49 சதவீதம், 2018-ல் 24. அரசுக்கும் அதே மிரட்டல்தான்: குறைக்காவிட்டால் கிளம்பிவிடுவோம். உழைப்பின் பங்கு வரிக்கு முந்தைய கணக்கு. வரிக்குப் பிறகு கையில் நிற்பதைப் பார்த்தால் மூலதனத்தின் பக்கம் இன்னும் கனம் கூடும். 2021 அக்டோபரில் 136 நாடுகள் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று ஒத்துக்கொண்டன. 1985-ன் 49-க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

கதவை மூடினால் பங்கு திரும்புமா?

திறந்ததால் குறைந்தது என்றால் மூடினால் ஏறும் என்பது சுலபமான யோசனை. 2018-ல் அமெரிக்கா துணி துவைக்கும் இயந்திர இறக்குமதிக்கு வரி போட்டது. ஆரோன் ஃப்ளாயன், அலி ஹோர்டச்சு, ஃபெலிக்ஸ் டின்டெல்நாட் மூவரும் விளைவை அளந்தார்கள். விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறியது. இரண்டையும் சேர்த்து வாங்குவதுதான் அங்கே வழக்கம், கடைக்காரர்களும் வாய்ப்பை விடவில்லை. புதிதாக வந்தது சுமார் 1,800 வேலை. ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்த விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 8,15,000 டாலர். அந்தப் பணத்தில் தொழிலாளிக்குப் போனது சிறு துளி.

பூட்டிய கதவுக்குள் போட்டி குறைந்தால் முதலில் ஏறுவது விலையும் லாபமும்தான். திரும்பி வரும் ஆலைகளும் பழைய ஆலைகளாக வருவதில்லை. ஆயிரம் பேர் இருந்த இடத்தில் இருநூறு பேரும் இயந்திர மனிதக் கைகளும் வரும்.

மெக்சிகோவில் வேறொன்றை முயன்று பார்த்தார்கள். 2018-ல் அங்கே ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 88 பெசோ 36 சென்டாவோ. உலகமயத்தோடு ஒட்டிப் பிறந்த நாடு, கூலியை ஏற்றினால் ஆலைகள் ஓடிவிடும் என்பது பல்லாண்டுப் பாடம். அடுத்து வந்த அரசு ஆண்டுதோறும் ஏற்றி 2024-ல் 248 பெசோ 93 சென்டாவோ ஆக்கியது. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இரட்டிப்பை ஒட்டிய ஏற்றம். ஆலைகள் ஓடவில்லை. 2023-ல் அமெரிக்காவுக்கு அதிகம் பொருள் விற்கும் நாடு என்ற இடத்தைச் சீனாவிடமிருந்து மெக்சிகோ பிடித்தது. சீனாவோடு அமெரிக்காவுக்கு ஏற்பட்ட பகை இதில் பெரிதும் உதவியது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மிரட்டலில் எவ்வளவு வெறும் காற்று என்பது வெளிப்பட்டது.

பழைய வட அமெரிக்க ஒப்பந்தத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் வந்த புதிய ஒப்பந்தத்திலும் இதற்கான விதிகள் நுழைந்தன. வரியில்லாமல் எல்லை தாண்ட வேண்டுமானால் ஒரு காரின் மதிப்பில் 40 முதல் 45 சதவீதம், மணிக்குக் குறைந்தது 16 டாலர் கூலி கொடுக்கும் இடங்களில் செய்யப்பட்டிருக்க வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை மீறப்பட்டால் அந்த ஒரு ஆலையின் மேல் மட்டும் நடவடிக்கை எடுக்கலாம். முதலில் சிக்கியது மெக்சிகோவின் சிலாவோ ஊரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 2021 ஆகஸ்டில் தொழிலாளர்கள் பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் சுயேச்சையான புதிய சங்கம் பெரும்பான்மையோடு வந்தது. மே மாதம் 8.5 சதவீதக் கூலி உயர்வு.

எண்ணிக்கையில் இவை சிறியவை. நாட்டின் மொத்தப் பங்கை ஒரு புள்ளி நகர்த்தவே இப்படி நூற்றுக்கணக்கான சிலாவோக்கள் வேண்டும். ஒப்பந்தத்தின் அமைப்பிலும் ஒரு கோணல் இருக்கிறது. மெக்சிகோ ஆலைமேல் புகார் வந்தால் விசாரணை வேகமாக ஓடும். அமெரிக்க ஆலைமேல் அதே வழியில் புகார் எடுக்க வேண்டுமென்றால், அந்த ஆலைக்கு எதிராக அமெரிக்கத் தொழிலாளர் வாரியத்தின் உத்தரவு ஒன்று முன்பே அமலில் இருந்தாக வேண்டும்.